எண்ணெய்க் காடியை எங்கே வெட்டக் கூடாது?

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் உட்புறத்தில், எண்ணெய் ஓடுவதற்காக வெட்டும் பள்ளம்தான் காடி. அதை எங்கே வெட்டக் கூடாது என்பதற்கு ஒரு பழைய சோதனையில் விடை இருக்கிறது. 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுக்கான பேரிங் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அரைவட்டப் பேரிங் அச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்தபடி சுழன்றது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், பிதுங்கியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் கழன்று வந்தது. அழுத்தமானி வைத்துப் பார்த்தால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங் மீது இருந்த சராசரி பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதற்கான கணக்கை 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் போட்டுக் காட்டினார். பாரம் இருக்கும்போது ஷாஃப்ட் (சுழலும் தண்டு) பேரிங்கின் நட்டநடுவில் நிற்பதில்லை, ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால் இரண்டுக்கும் இடையிலுள்ள சந்து ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். ஷாஃப்டில் ஒட்டிய எண்ணெய் சுழற்சியோடு சேர்ந்து அந்தக் குறுகலுக்குள் இழுபடுகிறது. தப்பிக்க வழியில்லாமல் அங்கே அழுத்தம் ஏறி, ஷாஃப்டையே தூக்கிப் பிடிக்கிறது. நன்றாக ஓடும் பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

பழைய எஞ்சின்களிலும், ஒரே எஞ்சினின் சுழற்சியைப் பல இயந்திரங்களுக்குக் கொண்டுபோகும் லைன் ஷாஃப்டுகளிலும் பேரிங்காக இருப்பது பெரும்பாலும் ஊற்றி வார்த்த பேபிட் உலோகம். ஐசக் பேபிட் 1839-இல் அறிமுகப்படுத்திய வகை இது: பெருமளவு வெள்ளீயம், கூடவே கொஞ்சம் ஆன்டிமணியும் செம்பும். கை உளிக்கே வெண்ணெய்போல வழிவிடும். வில்லங்கமே இங்கேதான். வெட்டுவது சுலபம் என்பதால், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும் என்று பேரிங் முழுக்கப் பெருக்கல் குறிபோலக் காடி போட்டுவிடுகிறார்கள்.

50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு விடும் இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். பாரம் தாங்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் அதைவிடவும் மெல்லியது. அந்த இடத்தின் குறுக்கே 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு காடி ஓடினால், சேர்ந்த அழுத்தம் முழுவதும் அதன் வழியே வடிந்துவிடும். ஒரே படலமாக நின்றது இரண்டு பலவீனமான துண்டுகளாகிவிடும்.

ஆக, காடியின் வேலை எண்ணெயைக் குறுகலின் வாசல்வரை கொண்டுவந்து, பேரிங்கின் நீளம் முழுக்கப் பரப்பிவிடுவது மட்டுமே. பாரம் கீழ்நோக்கி இருந்தால் காடி பேரிங்கின் மேல் பாதியான மூடியில் இருக்க வேண்டும்: எண்ணெய்த் துளையிலிருந்து இரு பக்கமும் ஷாஃப்டின் நீளவாக்கில். இரு முனைகளுக்கும் ஆறேழு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும்; முனைவரை வெட்டினால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிப் போய்விடும். இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பை லேசாகச் சுரண்டிவிட்டால் அதுவே இன்னொரு எண்ணெய்த் தேக்கமாகும்.

பாரம் எந்தப் பக்கம் என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் படுக்கைவாக்கில் இருக்கும் எஞ்சினில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் கீழே அழுத்தும், சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும் விசை பக்கவாட்டில் தள்ளும். பழைய பேரிங்கைத் தூக்கி எறிவதற்கு முன் உற்றுப் பாருங்கள். தேய்ந்து பளபளக்கும் திட்டுதான் பாரம் விழுந்த இடம். அங்கே உளி படவே கூடாது.

வெட்டுவதற்கு முனை உருண்ட உளி போதும். ஆனால் உளி போன தடத்தின் இரு ஓரங்களிலும் உலோகம் மெல்லிய வரப்பாக மேலெழும். அதை ஸ்கிரேப்பரால் எடுக்காவிட்டால் ஷாஃப்ட் அந்த வரப்பின் மேல்தான் உட்காரும். பிறகு ஓரங்களைச் சரிவாக்க வேண்டும், குறிப்பாக எண்ணெய் காடியை விட்டு வெளியேறும் பக்கத்தை. கூரான ஓரம் ஷாஃப்டிலிருந்து எண்ணெயை வழித்தெடுத்துவிடும். சரிவான ஓரம் அதை உள்ளே அனுப்பும்.

மிக மெதுவாகச் சுழலும், அல்லது முன்னும் பின்னும் அசைய மட்டுமே செய்யும் கிரீஸ் பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றில் வேகம் போதாமல் படலம் உருவாவதில்லை. கிரீஸைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வழியும் இல்லை. ஆகவே அங்கே பாரம் விழும் பகுதியிலும் காடி வெட்டத்தான் வேண்டும்.