எஸ்பிரெசோ: சொல் விளக்கம்

கல்யாண வரவேற்பில் பந்தி முடிந்து வெளியே வந்தால் ஓரமாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு இயந்திரம் நீராவியைச் சீறிக்கொண்டிருக்கும். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால் மூன்றும் போட்ட குவளையை அதன் குழாயடியில் பிடித்து, நுரை பொங்கியதும் மேலே கொஞ்சம் சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் வெகுகாலமாக ‘எஸ்பிரசோ காபி’ என்றால் இதுதான். இத்தாலியில் அதே பெயருக்குரியது பால் கலக்காத, இரண்டு மூன்று மடக்கில் தீர்ந்துவிடுகிற கறுப்புக் காபி. அங்கே காபிக் கடையில் ‘காஃபே’ என்று மட்டும் கேட்டாலே அதைத்தான் தருவார்கள்.

இத்தாலிய மொழியில் ‘எஸ்பிரிமெரே’ என்பது வினை. அதற்கு மூலம் லத்தீன்: ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘பிரெமெரே’ என்றால் அழுத்து. நம் பிரஷர் குக்கரில் உள்ள ‘பிரஷர்’ பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான். ஆக எஸ்பிரெசோ என்றால் ‘அழுத்தி வெளியே எடுத்தது’, அதாவது பிழிந்தது. லத்தீனில் இருந்த ‘எக்ஸ்’ இத்தாலிய மொழிக்கு வரும்போது ‘எஸ்’ ஆகிவிட்டது. ‘எக்ஸ்பிரசோ’ என்று சொல்வது அதனால்தான் பிழை. இந்தச் சொல்லுக்கு இத்தாலியில் வேறு இரண்டு பொருள்களும் உண்டு. ஒன்று விரைவு; அங்கே விரைவு ரயிலையும் எஸ்பிரெசோ என்றார்கள். மற்றொன்று, கேட்டவருக்கென்றே தனியாகச் செய்தது. காபிக்கு மூன்றுமே பொருந்துவதால் எது முதல் பொருள் என்ற வாதம் ஓயவில்லை. பிழிதலையே நான் முதலில் வைப்பேன். விரைவும் தனித்தயாரிப்பும் அதனால் கிடைத்த பலன்கள்.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியொண்டோ 1884இல் நீராவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலானின் லூயிஜி பெட்செரா 1901இல் ஒவ்வொரு கோப்பையாகப் பிழியும் இயந்திரத்துக்குப் பெற்றார். ஆனாலும் நீராவியின் அழுத்தம் ஒன்றரை ‘பார்’ அளவைத் தாண்டவில்லை (பார் என்பது அழுத்தத்தின் அலகு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்); காபியில் கருகல் வாடைதான் மிஞ்சியது. திருப்பம் வந்தது அக்கில்லே காஜ்ஜாவால். நீராவியை விட்டுவிட்டு, நெம்புகோலை இழுத்துச் சுருள்வில்லின் விசையால் வெந்நீரைத் தூளுக்குள் தள்ளும் இயந்திரத்தை அவர் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அழுத்தம் எட்டு, ஒன்பது பார் வரை எகிறியது. அப்போதுதான் கோப்பையின் மேல் முதன்முதலாகப் பொன்னிற நுரை படர்ந்தது. அதன் பெயர் ‘க்ரெமா’. 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரத்தில் மின்பம்பு வந்து, இழுக்கும் வேலையும் மிச்சமானது.

இன்று இத்தாலியர்கள் சொல்லும் கணக்கு இது: 7 கிராம் தூள், 88 பாகை வெந்நீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி, கோப்பையில் 25 மில்லிலிட்டர். நம் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. இங்கே காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு விசை அந்த வேலையை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. கொட்டையை வறுக்கும்போது அதற்குள் தங்கிய கரியமில வாயு, இந்த அழுத்தத்தில் நீரில் கரைகிறது. வெளியே வந்ததும் பொடிக் குமிழிகளாகப் பிரிகிறது. க்ரெமா உண்டாவது இப்படித்தான். வறுத்து நாளான தூளில் வாயு போய்விடும், நுரையும் எழாது. பால் நுரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே எஸ்பிரெசோ என்பது கொட்டையின் பெயரும் அல்ல, வறுவலின் பெயரும் அல்ல. பிழியும் முறையின் பெயர். பொட்டலத்தின் மேல் எஸ்பிரெசோ என்று அச்சடித்திருந்தால், இந்த முறைக்கு ஏற்றபடி கலந்து வறுத்தது என்றுதான் பொருள். கலவைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘மிஷேலா’. சுவையின் வேறுபாடு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. காபிக் கொட்டையில் முக்கிய இனங்கள் இரண்டு: அராபிக்கா, ரொபஸ்டா. த்ரியெஸ்தே நகரில் 1933இல் தொடங்கிய இல்லி நிறுவனம், ஒன்பது வகை அராபிக்காவை மட்டும் கலக்கிறது. கசப்பு அடங்கி, மென்மையான இனிப்பும் பூமணமும் தெரியும். 1895இல் டூரினில் பிறந்த லவாட்சா நிறுவனத்தின் ‘குவாலிதா ரோசா’ கலவையில் அராபிக்காவோடு ரொபஸ்டாவும் சேர்கிறது, சாக்லேட் வாசனை, தடித்த நுரை, நாக்கில் கனம். நேப்பிள்ஸ் பக்கம் போனால் வறுவல் கறுக்கும், ரொபஸ்டா கூடும். கிம்போ அந்த ஊர்க் காபி. அதன் கசப்பைச் சர்க்கரை போட்டுத்தான் பலரும் குடிக்கிறார்கள். டிகாஷனில் வளர்ந்த நாக்குக்கு நேப்பிள்ஸ் பாணிதான் சட்டென்று பிடிபடும் என்பது என் அபிப்பிராயம்.

ரொபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அதில் காஃபின் அராபிக்காவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. கசப்பு ஏறுவது உண்மைதான். ஆனால் நல்ல கலவையில் நுரைக்கும் கனத்துக்கும் அது கைகொடுக்கிறது. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு பல ஆண்டுகளாக இத்தாலி. குடகிலும் வயநாட்டிலும் விளையும் ரொபஸ்டா அங்கே எத்தனையோ கலவைகளுக்குள் போகிறது.

சுவையைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். காபியின் ‘அசிடிட்டி’யை அமிலத்தன்மை என்று எழுதினால் வயிற்றெரிச்சல்தான் ஞாபகம் வரும், பழப்புளிப்பு என்றால் சரியாக விழும். எலுமிச்சையா, மாதுளையா, புளியம்பழமா என்று அதற்குள் இன்னும் பிரிக்கலாம். காபி நாக்கில் உட்காரும் பாரத்தைக் குறிக்கும் ‘பாடி’ என்பதற்குத் திடம் என்கிறார்கள். திடமான காபி என்றால் ஸ்ட்ராங்கான காபி என்றும் ஆகிவிடுவதால் ‘கனம்’ எனக்கு உசிதமாகப் படுகிறது. துவர்ப்போ நம் அறுசுவையில் ஒன்று. குடித்த பிறகு பாக்கு மென்றதுபோல நாக்கு இழுத்துப் பிடித்தால், கசப்பு என்று மொத்தமாகச் சொல்லாமல் துவர்க்கிறது என்று சொல்லிவிடலாம். இது காபி போடுகிறவருக்கும் உதவும். பிழியும் நேரம் நீண்டால் கசப்பும் துவர்ப்பும் ஏறும். குறைந்தால் புளிப்பு முந்திக்கொள்ளும்.

எஸ்பிரெசோவுக்குத் தமிழ்? ‘பிழிகாபி’ என்பேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘வடிகாபி’ என்று ஃபில்டர் காபியைச் சொன்னால் இரண்டும் ஒரு குடும்பமாகிவிடும். பிழி என்பதே பெயர்ச்சொல்லாகவும் நின்ற பழைய சொல். சங்கப் பாட்டுகளில் கள்ளுக்கும் அந்தப் பெயர் உண்டு. விலைப்பட்டியலில் எஸ்பிரெசோ என்றே இருக்கட்டும், அது உலகம் முழுக்கப் பழகிய பெயர். விளக்கி எழுதும் இடத்தில் பிழிகாபி என்றால், தூள் என்ன பாடுபட்டது என்பதும் சேர்ந்தே புரியும். ரிஸ்த்ரெத்தோ, லுங்கோ என்ற உடன்பிறப்புகளுக்கும் இதே அடி போதும்: முதலாவது குறும்பிழிவு, நீரைச் சீக்கிரம் நிறுத்தி எடுத்த கெட்டிச் சாறு, அடுத்தது நெடும்பிழிவு, அதே தூளில் கூடுதல் நீரை ஓடவிட்டது.