சிறு நகரத்துக்கு வேலைக்குப் போகும் இளம் டாக்டர்களுக்கு

ஜே-1 விசாவில் அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் டாக்டர்கள், இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் போய் இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் தட்டுப்பாடு உள்ள ஊரில் 3 ஆண்டு முழுநேரம் வேலை செய்தால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். 1994-இல் வந்த ‘கான்ராட்’ திட்டம் இது. இப்போது மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள். நம் பிள்ளைகள் பலர் வடக்கு டகோட்டா, கான்சஸ் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் போவது இப்படித்தான்.

மனநல மருத்துவராக அவர்களில் சிலரிடம் பேசி வருகிறேன். வேலைப்பளுவை விட அவர்களை அதிகம் வாட்டுவது, “இங்கே எதையும் மாற்ற முடியலை சார்” என்ற ஏக்கம்.

அடையாளம் மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கோதுமை விளையும் ஊர். விவசாயிகள் பலரிடம் மனச்சோர்வைக் கண்டவர், வருகிற எல்லோருக்கும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் கொடுக்கலாமே என்று மருத்துவமனைக் கூட்டத்தில் கேட்டார். ஒன்பதே கேள்விதான். எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மறுபடி எடுத்தபோது, “நம்ம ஊர்க்காரங்க அப்படிப்பட்டவங்க இல்லை டாக்டர்” என்றார் ஒரு பெரியவர். அங்கே வாய் திறக்காத நர்ஸ் ஒருவர், வெளியே கார் பக்கத்தில் வந்து, “என் அண்ணன்கிட்ட யாராவது அதைக் கேட்டிருக்கலாம்” என்றார்.

அந்த நர்ஸைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெரியவர்தான் அவருடைய சர்ச்சிலும் மூத்தவர், அவர் மகனின் ஃபுட்பால் டீமுக்கும் கோச். ஓரிடத்தில் மறுத்துப் பேசினால் எல்லா இடத்திலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். இதே நெருக்கம்தான், ஒருவர் படுத்த படுக்கையானால் ஊரே டிராக்டரோடு வந்து அவர் வயலை அறுத்துக் கொடுக்கவும் வைக்கிறது. அதனால் ஊரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், ஒரு துணையைத் தேடுங்கள்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதற்குச் சான்று. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அதற்கே ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது.

நம் டாக்டரும் அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த நர்ஸோடு உட்கார்ந்து பேசினார். கூட்டத்தில் பேச்சை எடுத்தது நர்ஸ்தான். டாக்டருடைய நோயாளிகளுக்கு மட்டும் தொடங்கிப் பார்க்கலாம் என்று முடிவானது.

எனக்குக் கவலை, துணை கிடைக்காமல் அப்படியே அடங்கிப்போகிறவர்களைப் பற்றி. விசா வேலையோடு கட்டுண்டது, நினைத்தவுடன் கிளம்ப முடியாது. தூக்கம் கெடுவது, வீட்டுக்குப் போன் செய்வது குறைவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் இரண்டு வாரம் தாண்டினால் உதவி கேளுங்கள். உள்ளூர் கவுன்சிலர் வாசலில் உங்கள் கார் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற தயக்கம் நியாயமானது. வீடியோ வழி ஆலோசனை இருக்கிறது, அந்த மாநிலத்தில் உரிமம் உள்ளவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அமெரிக்காவில் எங்கிருந்தும் எந்த நேரமும் 988-க்குப் போன் செய்யலாம்.