ஸ்டாண்டர்ட்: ஜாஸ் பாடகர்களின் நிலைப்பாடல்

ஜாஸ் உலகில் ஸ்டாண்டர்ட் என்றால், பல பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்டு, எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட பாடல். முன்பின் அறிமுகமில்லாத நான்கு கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறினாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், ஒத்திகை இல்லாமலே வாசித்துவிடுவார்கள். இதைத் 'தரமான பாடல்' என்று மொழிபெயர்த்தால் பொருள் அடியோடு போய்விடும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. போர்க்களத்தில் படை திரள வேண்டிய இடத்தைக் காட்ட நட்டு வைக்கும் கொடியை அது குறித்தது. பிறகு அரசு நிர்ணயித்த எடைக்கும் அளவுக்கும் பெயராகி, அங்கிருந்து தரம் என்ற பொருளும் கிளைத்தது. இசைக்காரர்கள் பிடித்துக்கொண்டது வேறொரு கிளையை: நிலைபெற்றது, எப்போதும் புழக்கத்தில் உள்ளது.

இப்பாடல்களில் பெரும்பகுதி 1920களுக்கும் 1950களுக்கும் இடையில் நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்காகவும் ஹாலிவுட் படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. பல நாடகங்களை இன்று யாரும் நினைப்பதில்லை, பாட்டு மட்டும் தங்கிவிட்டது. 'ஹவ் ஹை த மூன்' 1940இல் 'டூ ஃபார் த ஷோ' என்ற மேடை நிகழ்ச்சிக்காகப் பிறந்தது. சில ஆண்டுகளில் அதன் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் 'ஆர்னிதாலஜி' என்று புது மெட்டே கட்டிவிட்டார்கள் ஜாஸ் கலைஞர்கள் சார்லி பார்க்கரும் பென்னி ஹாரிஸும். ஒரு பாட்டு ஸ்டாண்டர்ட் ஆவது இப்படித்தான். அடுத்தவர் கைவைக்க அது இடம் கொடுக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டையும் ஹிட்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் (Ella Fitzgerald) இசை வாழ்க்கையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1934இல், 17 வயதில், நியூயார்க் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டியில் வென்றவர் அவர். அடுத்த ஆண்டு டிரம்மர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்' என்று பாடினார். நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. ஆனாலும் அது அவருடைய பாட்டாகவே நின்றுவிட்டது. மற்றவர்கள் எடுத்துத் தங்கள் வழியில் வளர்க்கும் பொதுச்சொத்தாக மாறவில்லை.

அவருடைய பெரிய காரியம் அதற்கப்புறம் வந்தது. 1956இல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் பாடல்களை மட்டும் கொண்ட 'சாங் புக்' ஒன்றை அவரைப் பாடவைத்து வெளியிட்டார். ரோஜர்ஸ்-ஹார்ட், டியூக் எலிங்டன், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள், ஹரோல்ட் ஆர்லன், ஜெரோம் கெர்ன், ஜானி மெர்சர் என்று 1964 வரை எட்டுத் தொகுப்புகள். கெர்ஷ்வின் தொகுப்பு மட்டுமே ஐந்து இசைத்தட்டு. நாடகத்தோடு சிதறிக் கிடந்த பாடல்களை எழுதியவர் பெயரால் ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் காதில் விழும்படி பாடி வைத்தார். எவை ஸ்டாண்டர்ட் என்று கேட்பவருக்கு இன்றும் நான் முதலில் நீட்டுவது இந்தத் தொகுப்புகளைத்தான்.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். 1960 பிப்ரவரியில் மேற்கு பெர்லினில் நடந்த கச்சேரியில் 'மேக் த நைஃப்' பாடும்போது பாதியில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. தனக்குமுன் அதைப் பாடிப் புகழ்பெற்ற பாபி டேரினையும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கையும் பெயர் சொல்லி இழுத்து, அங்கேயே வரிகளை இட்டுக்கட்டி முடித்தார். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதே கிடைத்தது. 1928இல் இதே பெர்லினில் கூர்ட் வைலின் இசையில் அரங்கேறிய பாட்டு அது. அதே இரவில் 'ஹவ் ஹை த மூன்' பாடியவர், பொருளற்ற அசைகளால் கற்பனை செய்யும் ஸ்கேட் பகுதியில் 'ஆர்னிதாலஜி'யின் மெட்டையும் நுழைத்துவிட்டார். வேர்ப்பாட்டும் கிளைப்பாட்டும் ஒரே மூச்சில்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தரப்பாடல்' கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். 'செவ்வியல் பாடல்' என்றால் ஐரோப்பிய கிளாசிக்கல் இசையோடு குழம்பும். 'பழைய பாடல்' என்பதும் பொருந்தாது. பீட்டில்ஸின் 'கான்ட் பை மீ லவ்' வந்த 1964ஆம் ஆண்டிலேயே ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைத் தன் பாணியில் பதிவு செய்தார். பாப் பாட்டும் நாளடைவில் இந்த வரிசையில் சேரலாம். 'பொதுப்பாடல்' அர்த்தத்தில் நெருங்கி வந்தாலும், காலத்தைத் தாங்கி நின்றது என்பதை உணர்த்தவில்லை. என் தேர்வு 'நிலைப்பாடல்'. நிலைபெற்றது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது, 'ஜாஸ் நிலைப்பாடல்' என்று சேர்த்து எழுதவும் தடையில்லை. முதல்முறை எழுதும்போது பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்றும் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

ஒரு பாடகர் எந்நேரமும் பாடத் தயாராக வைத்திருக்கும் மொத்தப் பாடல்களுக்கு 'பாடாந்தரம்' என்று எழுதத் தோன்றும். அச்சொல் குருவழியாக வந்த பாடத்தைக் குறிக்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்டோ வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். 'கைவசப் பாடல்கள்' என்றாலே போதும்.