ஆய்வாளர் வீடு தேடி வந்தால் கேட்க வேண்டியவை

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தால், "சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்திருக்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வீண் சந்தேகம் இல்லை. பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது வழிபடும் தெய்வம், சடங்கு, திருமண முறை, இறந்தவரைப் புதைக்கும் விதம் வரை விசாரிக்க வேண்டும் என்று மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மானிடவியல் ஆய்வாளர்களான நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய அவையே! அதனால் மலையாளி என்னும் இந்த மலைப் பழங்குடி மக்கள் பலர் எங்களையும் விசாரணை அதிகாரியாக எண்ணி அளந்து பேசுகிறார்கள். பல்கலைக்கழக மானிடவியல் ஆய்வகத்திலிருந்து ஆய்வுக்காக வருபவர் சான்றிதழ் தருபவரும் அல்ல, தடுப்பவரும் அல்ல. இதை அவரே முதலில் சொல்ல வேண்டும். பட்டா வரும், கடன் வரும் என்று ஆசை காட்டிப் பேச வைப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கிடையாது. பீரோ நிறையக் களக் குறிப்பேடுகள், ஒலிப்பதிவுகள், உறவுமுறை வரைபடங்கள். வம்சாவளி கேட்டு எழுதும் இந்த முறையை ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரித் தோடர்களிடமே கையாண்டார். இன்றைய வரைபடத்தில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், நடுவே இரட்டைக்கோடு கல்யாணம், மேலே குறுக்குக்கோடு கிழித்தால் இறந்தவர். யார் யாரை விட்டுப் பிரிந்தார், எவருக்கு எந்த வயதில் கல்யாணம் என்று ஊர் மூடி வைத்ததெல்லாம் அந்த ஒரே தாளில் அம்பலமாகிவிடும். ஆகவே தாளில் எண் மட்டுமே இருக்க வேண்டும். எந்த எண் எவருடையது என்ற பட்டியல் வேறொரு பூட்டுக்குள். உங்கள் எதிரில் பெயரை எழுதினால், அதைப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, சங்கடமானது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழந்தைத் திருமணம் பேச்சில் வராமல் போகாது. வக்கீலிடம் சொன்னதற்கு இருக்கும் ரகசியக் காப்பு எங்களிடம் சொன்னதற்கு இல்லை. சிறுமிக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி ஆய்வாளரும் தகவல் கொடுத்தாக வேண்டும். கருவியை இயக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். எல்லாவற்றையும் பேச விட்டுவிட்டு அப்புறம் சட்டத்தைக் காட்டுவது நம்பிக்கைத் துரோகம். உதவி தேவைப்படும் சிறுமி வீட்டில் இருந்தால் எங்களுக்காகக் காத்திராமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் விலகலாம், பதிவை அழிக்கவும் சொல்லலாம். பாட்டியின் ஒப்பாரியோ கூத்து வாத்தியாரின் பாட்டோ பதிவாகியிருந்தால், ஒரு நகலைக் கேட்டு வாங்கி ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் ஒன்றும் பெரிய விலை இல்லை.