சொல் விளக்கம்: கன உலோகம்

சந்தையில் விற்கும் கேரட், பீட்ரூட், முள்ளங்கி பற்றி ஆய்வுச் செய்தி வந்தால் அதில் ‘ஹெவி மெட்டல்’ தவறாமல் இருக்கும். தமிழில் கன உலோகம் என்கிறோம்; பார உலோகம் என்று எழுதுபவர்களும் உண்டு. சில இடங்களில் ‘கடின உலோகம்’ என்றும் பார்க்கிறேன். அது பிழை. காரீயத்தை நகத்தாலேயே கீறலாம், பாதரசமோ திரவம். இதில் கடினம் எங்கே வந்தது?

சொல்லின் வேர் அடர்த்தியில் இருக்கிறது. 1817இல் ஜெர்மன் வேதியியலாளர் லியோபோல்ட் கிமெலின் உலோகங்களை அடர்த்தியை வைத்து இலேசானவை, கனமானவை என்று பிரித்தார். கன சென்டிமீட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால் கனம். (நச்சு உலோகமான காட்மியம் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.) நஞ்சு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சிக்கலும் அதில்தான். அடர்த்திக் கணக்குப்படி இரும்பு, துத்தநாகம், செம்பு மூன்றுமே கன உலோகங்கள். செம்பு காட்மியத்தைவிட அடர்த்தியானது. ஆனால் மூன்றும் உடலுக்குத் தேவை. ஒரு கிலோ உருளைக்கிழங்கில் சுமார் 8 மில்லிகிராம் இரும்பு இருந்தால் அது சத்து. காரீயமோ, வேர், கிழங்குக் காய்களில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை. காட்மியத்துக்கும் அதே 0.1தான். போதாததற்கு, பட்டியலில் எப்போதும் வரும் ஆர்செனிக் முழு உலோகமே அல்ல, உலோகப்போலி. 2002இல் ஜான் டஃபஸ் என்ற வேதியியலாளர் ‘கன உலோகம்’ பொருளற்ற சொல்லா என்று கேட்டே ஓர் அறிக்கை எழுதினார்.

சரி, தமிழில் எதை வைத்துக்கொள்வது? ‘உலோகம்’ வடமொழி ‘லோஹ’விலிருந்து வந்தது; லகரம் சொல்லின் முதலில் வராது என்பதால் உகரம் சேர்ந்தது. தனித்தமிழ் விரும்புவோர் ‘மாழை’ என்பார்கள். பழைய தமிழில் ‘பொன்’ என்பதே உலோகம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், இரும்பு கரும்பொன். அழகான சொற்கள்தான், ஆனால் உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது வேறு. என் தேர்வு ‘நச்சுத் தனிமம்’. ஆர்செனிக் உள்ளே வரும், இரும்பு வெளியே நிற்கும். மேற்கோள் காட்ட நேர்ந்தால் மட்டும் கன உலோகம் போதும்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: கிழங்கு. பேச்சில் மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் கிழங்கு. தாவரவியலில் கேரட்டும் சர்க்கரைவள்ளியும் வேர், உருளை தண்டு. கோடெக்ஸ் வேரையும் கிழங்கையும் ஒரே வரம்புக்குள் வைத்தாலும், இந்த வேறுபாடு வெறும் இலக்கணமல்ல. மண்நீரை நேரடியாக உறிஞ்சுவது வேர். உருளைக்குச் சத்து இலையிலிருந்து இறங்கிவருகிறது. காரீயம் அந்தப் பாதையில் அவ்வளவாக நகராது. அதனால் உருளையின் சதைப்பகுதியில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

காரீயத்தின் ஒரு பகுதி தோலிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் இருப்பதால், நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோல் சீவினால் குறையும். தோலோடு கொஞ்சம் நார்ச்சத்து போகும். ஆனால் கேரட்டின் பீட்டா கரோட்டினும் உருளையின் பொட்டாசியமும் பெரும்பாலும் சதையில்தான் இருக்கின்றன. காட்மியத்திடம் இந்த வேலை அவ்வளவாகப் பலிக்காது. அது செடிக்குள் எளிதாக நடமாடும், சதைக்குள்ளும் சேரும். பாஸ்பேட் உரம் வழியாகவும் நிலத்துக்கு வருகிறது, அமில மண்ணில் வேர் அதை அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அங்கே சுண்ணாம்பு போட்டு மண்ணின் அமிலத்தைக் குறைப்பதுதான் வழக்கமான வழி, அது விவசாயி கையில் இருக்கிறது.