சாய்கோடு போட்டால் கட்டளை ஆகிவிடுமா?

ஏஐ சாட்பாட்களுக்கான 'ரகசியக் கட்டளைகள்' என்று பட்டியல் பட்டியலாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கேள்விக்கு முன்னால் 'ஈஎல்ஐ5' என்று போட்டால் எளிமையாக விளக்கும், 'டிஎல்டிஆர்' என்று போட்டால் சுருக்கித் தரும், '/ஹியூமனைஸ்' என்று போட்டால் மனிதர் எழுதியது போல மாற்றித் தரும் என்று ஐம்பது, நூறு வரி நீளும். முயன்று பார்த்தால் பல வேலை செய்யவும் செய்கின்றன. ஆனால் கணினி உலகத்தில் கட்டளை என்று எதைச் சொல்கிறார்களோ, அது இதில் எங்குமே இல்லை.

1988-இல் உருவான ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையில் '/ஜாயின்' என்று தட்டினால் ஓர் அரட்டை அறைக்குள் நுழையலாம். வரியின் தொடக்கத்தில் சாய்கோட்டைப் பார்த்ததும் மென்பொருள் அந்த வரியைத் தனியே பிடித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் தேடி, அதற்கென்று எழுதி வைத்த நிரலை ஓட்டும். படம் வரையும் மிட்ஜர்னியில் '/இமேஜின்' என்று தட்டுவதும் இந்த வகைதான். எழுத்து ஒன்று மாறினாலும் வேலை நடக்காது. சாட்பாட்டின் பெட்டியில் தட்டும் '/ஹியூமனைஸ்' இப்படி எங்கும் பிடிபடுவதில்லை. சில செயலிகளில் சாய்கோடு தட்டியதும் ஒரு சின்னப் பட்டி விரியும். அதில் இருப்பவை மட்டும் உண்மையான கட்டளைகள். மற்றவையெல்லாம் கேள்வியோடு சேர்ந்து, வெறும் எழுத்தாகவே, சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிக்குள் போகின்றன.

மொழி மாதிரி அடிப்படையில் செய்வது ஒரே வேலை: இதுவரை உள்ள எழுத்தைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று கணிப்பது. எழுத்து முதலில் டோக்கன் எனப்படும் துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டும் எண்களின் வரிசையாக மாறும். எந்தத் துண்டு எந்தத் துண்டின் பொருளை எவ்வளவு மாற்றுகிறது என்று அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டு, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிகழ்தகவு கிடைக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து வரியோடு சேர்த்துக்கொண்டு, மறுபடி அதே கணக்கு. நம் புராணக் கதைகளில் இறைவன் அடியெடுத்துக் கொடுப்பார், புலவர் பாடி முடிப்பார். டிஎல்டிஆர் போன்ற குறுஞ்சொல் செய்வதும் அடியெடுத்துக் கொடுக்கும் வேலைதான். இங்கே பாடி முடிப்பது அருள்பெற்ற புலவர் இல்லை என்பதுதான் பிரச்சினை.

இது அழகாகத் தெரிந்த சோதனை ஒன்று 2019-இல் நடந்தது. ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-2 என்ற மாதிரியை உருவாக்கியிருந்தது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பயனர்கள் பகிர்ந்து, மற்றவர்களின் வாக்கில் குறைந்தது 3 புள்ளிகளாவது பெற்ற இணைப்புகளைத் திரட்டி, அந்தப் பக்கங்களில் இருந்த எழுத்தைக் கொண்டு அதைப் பயிற்றுவித்தார்கள். மொத்தம் சுமார் 80 லட்சம் ஆவணங்கள், 40 ஜிகாபைட். சுருக்கி எழுதுவது எப்படி என்று யாரும் அதற்குத் தனியாகச் சொல்லித் தரவில்லை. ஆய்வாளர்கள் ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்து, அதன் அடியில் 'டிஎல்டிஆர்:' என்று மட்டும் ஒட்டினார்கள். 'ரொம்ப நீளம், படிக்கவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இணையத்தில் நீட்டி முழக்கியவர்கள் கடைசியில் அதைப் போட்டு, இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லி முடிப்பது வழக்கம். ஜிபிடி-2 இந்த வழக்கத்தை பல இடங்களில் பார்த்திருந்ததால், அந்த எழுத்துகளைக் கண்டதும் சுருக்கம் போல ஒன்றை எழுதியது. ஒட்டிய அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் சோதித்தபோது சராசரி மதிப்பெண் 6.4 புள்ளி இறங்கியது.

சுருக்கத்தின் தரம் சுமார்தான். கட்டுரையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று வாக்கியம் பொறுக்குவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அவர்களே எழுதினார்கள். விபத்தில் எத்தனை கார்கள் மோதின என்பது போன்ற விவரங்களில் அது குழம்பியது. ஆனாலும் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. நிரல் எழுத வேண்டாம். மக்கள் எழுதிப் பழகிய தடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், மாதிரி அதில் நடக்கும்.

இன்றைய சாட்பாட்களுக்கு இதற்கு மேல் இன்னொரு பயிற்சியும் உண்டு. கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று மனிதர்கள் எழுதிக் காட்டிய எடுத்துக்காட்டுகளையும், இரண்டு பதில்களில் எது மேல் என்று மனிதர்கள் போட்ட மதிப்பீடுகளையும் வைத்து அவற்றைப் பழக்குகிறார்கள். அதனால் 'இதை ஐந்து வரியில் சுருக்கு' என்று சாதாரணமாகச் சொன்னாலே வேலை முடிந்துவிடும். குறுஞ்சொல்லால் மிச்சமாவது நான்கைந்து சொற்களைத் தட்டும் சிரமம், அவ்வளவுதான்.

சரி, பட்டியல்களில் யாரோ கற்பனையில் உண்டாக்கிய கட்டளைகள் எப்படி வேலை செய்கின்றன? நீங்களே இல்லாத ஒன்றை உண்டாக்கிப் பாருங்கள். '/மயிலிறகு' என்று போட்டு ஒரு பத்தியைக் கொடுத்தால், சாட்பாட் பெரும்பாலும் அந்தச் சொல்லிலிருந்து எதையாவது ஊகித்து, பத்தியை மென்மையாகவோ கவித்துவமாகவோ மாற்றித் தரும். தெரியாத கட்டளை என்று நின்று கேட்கும் வாய்ப்பு குறைவு. எனக்கு இதில் இருக்கும் உறுத்தல் இதுதான். உண்மையான கட்டளை தோற்றால் சத்தம் போடும். இது தோற்றால் வெற்றி பெற்றது போலவே இருக்கும். நூறு கட்டளைப் பட்டியலில் தொண்ணூறு பலித்தது போலத் தோன்றுவதன் ரகசியம், எதைத் தட்டினாலும் ஏதாவது வரும் என்பதுதான்.

ஈஎல்ஐ5 இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தனி ரகம். 'எனக்கு ஐந்து வயது என்று நினைத்து விளக்கு' என்பதன் சுருக்கமான இது, 2011-இல் ரெட்டிட்டில் தொடங்கிய ஒரு கேள்வி-பதில் பகுதியின் பெயர். உண்மையிலேயே ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லக் கூடாது, துறைக்கு வெளியே இருக்கும் பெரியவருக்குப் புரிந்தால் போதும் என்பது அங்கே விதி. 2019-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் அந்தப் பகுதியிலிருந்து 2,70,000 கேள்வி-பதில்களைத் தொகுத்து, மாதிரிகளைச் சோதிக்கும் தரவாகவே வெளியிட்டார்கள். எனவே அந்த எழுத்துகளைப் போட்டால் அந்தப் பகுதியின் நடை கிடைக்கும்: ஓர் அன்றாட உதாரணம், கலைச்சொல் இல்லாத விளக்கம், கொஞ்சம் விளையாட்டு. அதையே தமிழில் 'ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்வது போல' என்று கேட்டால், சில சமயம் 'ஒரு ஊரில் ஒரு குட்டி நீர்த்துளி இருந்ததாம்' என்று கதை தொடங்கிவிடும்.

படிப்புக்கு இதில் ஒரு செலவும் உண்டு. சவ்வூடு பரவலை இப்படிக் கேட்டால், தண்ணீரில் போட்ட உலர்ந்த திராட்சை உப்புவதைச் சொல்லும். நல்ல உதாரணம்தான். ஆனால் தேர்வில் மதிப்பெண் இருப்பது, சவ்வு தண்ணீரை விடுகிறது, சர்க்கரையை விடுவதில்லை, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் போகிறது என்ற இடத்தில். எளிமையாக்கும்போது முதலில் உதிர்வது இதுதான். இரண்டாவது கேள்வியாக, 'இந்த உதாரணத்தில் எதையெல்லாம் விட்டுவிட்டாய்?' என்று கேட்பது நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குக் குறுஞ்சொல்லும் இல்லை.

தமிழுக்கென்று பழைய தடங்கள் உண்டு. ஒரு குறளைக் கொடுத்து 'பதவுரை' என்றால் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் வரும். 'பொழிப்புரை' என்றால் திரண்ட கருத்து வரும். தலைமுறை தலைமுறையாக உரைகள் அந்த வடிவத்தில் எழுதப்பட்டு, அவற்றில் நிறைய இணையத்திலும் ஏறியிருக்கின்றன. அதிகம் புழங்காத சங்கப் பாடலுக்கு அதே 'பதவுரை'யைக் கேட்டால், அதே தோரணையில், தயக்கமே இல்லாமல், தவறான பொருளும் வரலாம். வடிவத்தின் தடம் ஆழம். அந்தப் பாடலைப் பற்றிய எழுத்து குறைவு.

டோக்கன் கணக்கையும் இங்கே சொல்லிவிடலாம். பழைய மாதிரிகள் தமிழை மிகச் சிறு துண்டுகளாக நொறுக்கின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது ஓப்பன்ஏஐ ஓர் ஒப்பீடு வெளியிட்டது: ஓர் அறிமுக வாசகத்தின் தமிழ் வடிவம் முன்பு 116 டோக்கன்களாக இருந்தது, புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் அதே வாசகம் 27-லிருந்து 24. மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய டோக்கன்களுக்கு வரம்பு உண்டு. நீளமான தமிழ்ப் பாடத்தை ஒட்டும்போது பழைய கருவிகள் பாதியிலேயே திணறியதில் இதற்கும் பங்கு உண்டு.

சில குறுஞ்சொற்களுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. 'படிப்படியாக யோசிப்போம்' என்ற ஒரு வரியைக் கேள்வியின் முடிவில் சேர்த்ததும், ஒரு கணக்குத் தொகுப்பில் சரியான விடைகள் 17.7 விழுக்காட்டிலிருந்து 78.7 விழுக்காட்டுக்கு ஏறியதை டோக்கியோ பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். இடைப்படிகளை எழுதினால், அந்த எழுத்தே அடுத்த கணிப்புக்குக் கைகொடுக்கிறது. 2024-இல் தொடங்கி வந்த 'யோசிக்கும்' மாதிரிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. அவற்றிடம் அந்த வரி பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. 'நீ ஒரு பெரிய பேராசிரியர்' என்று வேடம் கட்டுவது நடையை மாற்றும். விடை அதனால் சரியாகிவிடும் என்று நம்பக் காரணம் இல்லை.

இவற்றைவிட உருப்படியானது, குறுஞ்சொல்லை நீங்களே வரையறுப்பது. 2020-இல் ஜிபிடி-3 வெளிவந்தபோது அதன் ஆய்வறிக்கையில் வேடிக்கையான ஒரு சோதனை இருந்தது. 'வாட்பு' என்பது தான்சானியாவில் வாழும், ரோமம் நிறைந்த ஒரு குட்டி விலங்கு என்று, இல்லாத சொல்லுக்குப் பொருள் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியம் காட்டினார்கள். பிறகு வேறொரு புதுச் சொல்லுக்குப் பொருளை மட்டும் கொடுத்தபோது, மாதிரி அதைச் சரியாக வாக்கியத்தில் அமைத்தது. மாதிரிக்குள் எதுவும் மாறவில்லை. வரையறை கண்முன்னே இருந்தது, அவ்வளவே. ஒவ்வொரு முறை நீங்கள் தட்டும்போதும் அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் மறுபடி மாதிரிக்குப் போகிறது என்பதால், உரையாடல் அளவுக்கு மீறி நீளாத வரை தொடக்கத்தில் சொன்ன வரையறை கூடவே வரும். புதிய உரையாடல் திறந்தால் மறுபடி சொல்ல வேண்டும், அல்லது அமைப்புகளில் நிரந்தரக் குறிப்பாகப் போட்டு வைக்க வேண்டும்.

என்ன வரையறுப்பது என்பதற்குத் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்த சோதனை நல்ல வழிகாட்டி. ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களில் ஒரு பிரிவுக்குச் சாதாரண ஜிபிடி-4 சாட்பாட். இன்னொரு பிரிவுக்கும் அதே ஜிபிடி-4, ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அறிவுறுத்தப்பட்டு, ஆசிரியர்கள் தந்த தீர்வுகளும் உள்ளே வைக்கப்பட்டது. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 விழுக்காடும் இரண்டாவது 127 விழுக்காடும் முன்னேறின. அப்புறம் கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட்டோடு பழகியவர்கள், எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கூடுதல் லாபமும் இல்லை.

சுருக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் இதே கதைதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தவர்களையும், ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

ஆக, டிஎல்டிஆருக்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது இப்படி ஒன்று: "நான் 'கேள்' என்று எழுதினால், மேலே ஒட்டியிருக்கும் பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேள். நான் விடை எழுதும் வரை விடையைச் சொல்லாதே. தவறாக எழுதினால் எந்த இடம் தவறு என்று மட்டும் சொல். இரண்டாம் முறையும் தவறினால் விளக்கு." கட்டுரை எழுதுகிறவர்கள் 'கறார்' என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம்: "என் வாக்கியம் எதையும் மாற்றி எழுதாதே. படிப்பவருக்கு எங்கே புரியாது, எங்கே ஆதாரம் இல்லை என்று மட்டும் பட்டியலிடு." '/ஹியூமனைஸ்' போட்டு வழவழப்பாக்கிய பத்தியில் இந்த ஓட்டைகள் அப்படியே இருக்கும், வெளியே தெரியாது.

'கேள்' போட்டுப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். மூன்றாவது கேள்வியில் அலுத்துப்போய் 'பரவாயில்லை, விடையைச் சொல்லிவிடு' என்று தட்டினால் சாட்பாட் சொல்லிவிடும். பயனரை மகிழ்விக்கப் பழக்கப்பட்டது அது. வரையறையிலேயே 'நான் கெஞ்சினாலும் சொல்லாதே' என்று ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு மூன்று கெஞ்சல் வரை தாங்கும்.