வண்டல் என்பது அலூவியமா, சில்ட்டா?

பள்ளிப் பாடத்தில் வரும் 'வண்டல் மண்' ஆங்கிலத்தின் 'அலூவியல் சாயில்'. கட்டுமானப் பொறியியல் பக்கம் போனால் அதே வண்டல் 'சில்ட்' ஆகிவிடுகிறது. ஆற்றுப் படிவுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் நிறையவே கெடுக்கிறது.

'அலூவியம்' லத்தீன் வழி வந்தது. வேர்ப்பொருள், நீர் வந்து மோதிக் கழுவுதல். ரோமானியச் சட்டத்தில் 'அலூவியோ' என்றால் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் சேர்க்கும் மண். அது கரை நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆக, கூழாங்கல்லோ சரளையோ களியோ, ஆறு விட்டுப்போனது எல்லாமே அலூவியம்தான்.

'சில்ட்' துகளின் பருமனைச் சொல்லும் சொல். அமெரிக்கப் புவியியலாளர் வென்ட்வொர்த் 1922-இல் தந்த அளவுகோலில் 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 0.0625 வரை மணல், ஏறத்தாழ 0.004 வரை சில்ட், அதற்கும் கீழே களி.

பருமன் மாறும்போது கனிமமும் மாறுகிறது. குவார்ட்ஸ் என்ற கனிமம் கடினமானது, எளிதில் சிதையாது. அதனால் ஆற்று மணலில் பெரும்பாலும் அதுவே மிஞ்சுகிறது. பாறைகளில் உள்ள இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பார் மெல்லச் சிதைந்து களிக் கனிமமாகிறது. சில்ட்டில் இருப்பது பெரும்பாலும் பொடிந்த குவார்ட்ஸ், கூடவே காக்காப்பொன் (மைக்கா) செதில்கள். அதாவது சில்ட் கல்லின் மாவு. களி புதிதாய்ப் பிறந்த கனிமம். ஈரமாக்கி விரலிடையே அழுத்திப் பாருங்கள்: களி நாடாபோல் நீளும், சில்ட் உடனே விண்டுவிடும். துளி எடுத்துப் பல்லில் வைத்தால் சில்ட் நறநறக்கும், களி வழுவழுவென்று போகும். களத்தில் புவியியலாளர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஆறு படுகையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியபின் மேலேயே நின்றுவிட்ட பழைய வெள்ளச் சமவெளிதான் ஆற்றுப் படிமேடை. அதன் வெட்டுமுகத்தில் பொதுவாக அடியில் சரளை, மேலே போகப்போக மணல், சில்ட் என்று நுண்மை கூடும். ஆனால் எல்லாப் படிவும் இந்த வரிசையில் அமைவதில்லை. கொசஸ்தலையாற்றுக்கு அருகே, 1863-இல் புவியியலாளர்கள் ஃபூட்டும் கிங்கும் கண்டறிந்த பழங்கற்காலக் களமான அத்திரம்பாக்கத்தில், கற்கோடரிகள் கிடைத்த மெல்லடுக்குக் களி கீழே. இரும்பேறிய சரளை அதற்கு மேலே. களி படிய நீர் அசையாமல் நிற்க வேண்டும். சரளையை உருட்ட வேகம் வேண்டும். இரண்டையும் 'வண்டல் அடுக்கு' என்று எழுதிவிட்டால் அந்த மாற்றமே வாசகருக்குத் தெரியாது.

சரி, எதை எப்படிச் சொல்வது? எண்ணெய்க் குடத்தின் அடியில் மெல்லத் தங்குவதையும் வண்டல் என்கிறோம். நுண்பொருள் படிவது என்ற இந்தப் பொருள் சில்ட்டுக்கே பொருந்துகிறது. அலூவியத்துக்கு 'ஆற்றுப்படிவு' போதும். நீர் குவித்த மணல் திட்டுக்கு 'எக்கர்' இருக்கிறது. புறநானூற்றின் 43-ஆம் பாடல் காவிரி எக்கர் இட்ட மணலைப் பேசுகிறது. நுண்மணலுக்கு 'அயிர்' என்ற பழஞ்சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பாடநூலின் 'வண்டல் மண்' ஊறிப்போன வழக்கு, அதை விட்டுவிடலாம். ஆய்வுக் கட்டுரையில் மட்டும் வண்டலை சில்ட்டுக்கே வைத்துக்கொள்வோம்.